டிப்பரா, மிக்சரா, தீவன லாரியா?

கேள்வி: வயது 25, ஊர் ராசிபுரம் பக்கம். இரண்டு வருடம் குட்டியானை ஓட்டினேன். ஹெவி லைசென்ஸ் எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. மனைவி மாசமாக இருப்பதால் நெடுந்தூரம் ஓடும் லைன் வண்டிக்குப் போக வேண்டாம் என்கிறார்கள் வீட்டில். லோக்கலில் மூன்று வேலை வந்திருக்கிறது. கிரஷர் (கல் உடைக்கும் ஆலை) டிப்பரில் நடைக்கு, அதாவது ஒரு லோடுக்கு, 250 ரூபாய், "நாளுக்கு ஆறு நடை நிச்சயம்" என்கிறார் ஓனர். சேலத்தில் கலந்த கான்கிரீட்டை மிக்சர் லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் கம்பெனியில் மாதம் 21,000, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு, 12 மணி நேர ஷிஃப்ட். கோழித்தீவன மில்லில் 16,000 சம்பளம், ஓடும் நாளுக்கு 250 படி. காலை ஆறுக்கு ஏறினால் நாலு மணிக்கு இறங்கிவிடலாமாம். டிப்பரில்தான் காசு என்கிறார்கள் நண்பர்கள். எதில் சேரலாம்?

பதில்: தம்பி, நண்பர்கள் போட்ட கணக்கு தெரிகிறது. ஆறு நடை, 26 நாள், ஆக 39,000. கிரஷர் வாசலில் வரிசை இல்லாமல், எடை மேடை காலியாக இருந்து, இறக்கும் இடத்தில் ஜே.சி.பி. வழிமறிக்காமல் இருந்தால்தான் ஆறு நடை. நாலு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கும் நாட்கள், பஞ்சர், கிரஷர் நிறுத்தம் எல்லாம் போக 18 நாள் ஓடினால் கையில் 18,000தான். நாளுக்கு 13 மணி நேரம் என்றால் மணிக்கு 77 ரூபாய். பட்டறையில் வண்டியோடு உட்கார்ந்திருக்கும் நாட்களுக்குக் காசும் கிடையாது, அவை இந்தக் கணக்கிலும் இல்லை.

மற்ற இரண்டையும் இப்படியே மணிக்கணக்கில் பாருங்கள். ரெடிமிக்ஸில் 26 நாள், 12 மணி நேரம், ஆக 312 மணி. மணிக்கு 67 ரூபாய். அதிலும் பி.எஃப். பிடித்தம் போகும். தீவன மில்லில் சம்பளமும் 26 நாள் படியும் சேர்த்து 22,500. நாளுக்குப் பத்து மணி என்றால் மணிக்கு 86. மூன்றிலும் சின்னதாகத் தெரிந்த சம்பளம்தான் மணிக்கு அதிகம் தருகிறது.

ஆனால் டிப்பர் வேண்டாம் என்று நாங்கள் சொல்வது காசுக்காக மட்டும் இல்லை. நடைக்குக் காசு என்றால், ஆக்சிலரேட்டரில் இருக்கும் உங்கள் காலுக்குத்தான் சம்பளம். ஹெவி வண்டியின் நீளமும் பிரேக் பிடிக்கும் தூரமும் உடம்புக்குப் பழகாத முதல் வருடத்தில் அந்த அவசரம் கூடாது.

அடுத்தது எடை. பத்துச் சக்கர வண்டிக்கு 2018-க்குப் பிறகு மொத்த எடை வரம்பு 28.5 டன். காலி டிப்பரே சுமார் 11 டன் இருக்கும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஏறக்குறைய நாலரை டன். நனைந்திருந்தால் இன்னும் கூடும். அப்படியென்றால் நாலு யூனிட்டே விளிம்பு. ஐந்து யூனிட் ஏற்றினால் ஐந்து டன் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் அடிப்படை அபராதம் 20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000, மொத்தம் 30,000. ஓட்டியவர், ஓட்டச் சொன்னவர் இருவரையும் சட்டம் பிடிக்கும் என்றாலும் ரோட்டில் நிற்பவர் நீங்கள். ஓவர்லோடுக்கு லைசென்ஸை 3 மாதம் முடக்கவும் செய்வார்கள். கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இல்லாமலோ, காலையில் வாங்கிய ஒரே சீட்டை மாலைவரை காட்டியோ ஓட்டச் சொன்னால் அது வேறு ரகம்: வண்டி பறிமுதல், டிரைவர் மேல் வழக்கு. "எத்தனை யூனிட் ஏற்றுவீங்க, ஒவ்வொரு நடைக்கும் தனிச் சீட்டு உண்டா" என்று ஓனரிடம் கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

டிப்பர் கவிழ்வது ஓடும்போது மட்டும் இல்லை, கொட்டும்போதும்தான். ஒரு பக்கச் சக்கரம் புதுமண்ணில் இறங்கியிருக்கும். தொட்டி மேலே போனதும் ஈரமணல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு சரியாமல் நிற்கும். எடை முழுக்க அந்தப் பக்கம் சாயும். மேலே மின்கம்பியும் உண்டு. தொட்டி கம்பியைத் தொட்டுவிட்டால் கேபினை விட்டு இறங்கக் கூடாது, தொட்டியை இறக்கியோ வண்டியை நகர்த்தியோ விடுபடத்தான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பழக்கிவிட ஆள் இல்லாத இடத்தில் புது டிரைவருக்கு டிப்பர் சரிப்படாது.

ரெடிமிக்ஸ் கெட்ட வேலை இல்லை. 6 கன மீட்டர் கான்கிரீட் 14 டன்னுக்கு மேல் வரும். அந்த எடை உயரத்தில் இருக்கிறது. டிரம் சுற்றச் சுற்ற சரக்கு ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். கார் சாதாரணமாகத் திரும்பும் ரவுண்டானாவில் மிக்சர் சாய்வதற்கு இதுதான் காரணம். பிளான்டில் ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்ட வேண்டும் என்பது தர விதி. நெரிசலில் மாட்டினால் உங்களுக்கும் போன் வரும், பிளான்டுக்கும் போன் வரும். சைட்டில் மேஸ்திரி "கொஞ்சம் தண்ணி விடுப்பா, சரக்கு கட்டியா இருக்கு" என்பார். பிளான்ட் தரக்கட்டுப்பாட்டு ஆள் சொல்லாமல் ஒரு குடம்கூட விடாதீர்கள். கான்கிரீட் பலம் குறைந்தால் விசாரணை தண்ணீர் விட்ட கையைத் தேடித்தான் வரும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 21,000 என்பது எட்டு மணி நேரத்துக்கா, பன்னிரண்டுக்கா? சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. அதற்கு மேல் இரட்டிப்பு ஓவர்டைம். எட்டு மணிக்குத்தான் 21,000, மீதிக்கு ஓவர்டைம் தனி என்று எழுத்தில் தந்தால் எங்கள் பதிலே மாறிவிடும். பிறகு தீவன மில்லை யோசிக்க வேண்டியதில்லை.

தராவிட்டால் முதல் வருடத்துக்குத் தீவன லாரிதான். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் தீவன வண்டிக்கு வேலை குறையாது. பண்ணைக்குப் போகும் மண்பாதை, சின்னப் பாலம், கொட்டகை ஓரம் பின்னால் எடுப்பது, இதெல்லாம் அவசரமில்லாமல் பழகக் கிடைக்கும். பிடிக்காத பக்கமும் உண்டு. 50 கிலோ மூட்டை ஏற்ற இறக்கத் தனி ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த 86 ரூபாயில் முதுகுக்கும் பங்கு போகிறது. பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று சைகை காட்டக் கிளீனர் வருவாரா? மூட்டை குறைந்தால், மழையில் நனைந்தால் யார் தலையில்? மில்லில் எண்ணி ஏற்றியதற்கு ஒரு கையெழுத்து, பண்ணையில் எண்ணி இறக்கியதற்கு ஒரு கையெழுத்து, இரண்டும் சலானில் இருக்க வேண்டும். தார்ப்பாயில் ஓட்டை இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பத்தாம் நாள் சொன்னால் நீங்கள் கிழித்ததாகிவிடும்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு முக்கியமான கேள்வி ஈ.எஸ்.ஐ. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மில் என்றால், 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். உங்கள் பங்கு முக்கால் சதவீதம், 16,000-க்கு 120 ரூபாய். சேர்ந்த நாளிலிருந்து குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. இந்த நேரத்தில் 120 ரூபாய்க்கு இதைவிட உருப்படியான செலவு இல்லை. எதுவும் இல்லாத இடத்தில் சேர நேர்ந்தால் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலாவது பதிவு செய்துகொள்ளுங்கள்.

எந்த வேலையானாலும் சேருமுன் வண்டி நம்பரை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள், எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதி தெரிந்துவிடும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. இன்சூரன்ஸ் தாளில் சம்பள டிரைவருக்கான பொறுப்பு என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரீமியம் 50 ரூபாய்தான், ஆனாலும் அதை விட்டுவிடும் ஓனர்கள் இருக்கிறார்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு பிரேக்குக்கான ஏர் முழுக்க ஏறட்டும். எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்தபடி ஏர் அளவு காட்டும் முள்ளைக் கவனியுங்கள். முதலில் கொஞ்சம் இறங்கி நின்றுவிட வேண்டும். இறங்கிக்கொண்டே போனாலோ "உஸ்" சத்தம் கேட்டாலோ எங்கோ கசிகிறது. அதைச் சொன்னதும் ஓனர் என்ன முகம் காட்டுகிறார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் லைசென்ஸை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், நகல் போதும். அட்வான்ஸ் 20,000, 30,000 என்று முதலிலேயே நீட்டினால் வாங்காதீர்கள். விலக நினைக்கும் நாளில் அதுதான் காலைக் கட்டும். பிற்பாடு கேஸ் வண்டிக்கோ பெட்ரோல் டேங்கருக்கோ போக எண்ணமிருந்தால் அபாயகரமான சரக்குக்கான 3 நாள் பயிற்சியை முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும். அதற்கு ஒரு வருடம் போகட்டும்.

தீவன மில்லில், வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் ஒரு நாள் பழைய டிரைவரோடு பக்கத்து சீட்டில் போய்வரக் கேளுங்கள். அவர் எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார், மூட்டையை யார் தூக்கினார்கள், போன மாதப் படி எந்தத் தேதியில் கைக்கு வந்தது? இந்த நாலும் மேனேஜர் சொன்னதோடு ஒத்துப்போனால் திங்கட்கிழமையே ஏறிவிடலாம்.