தலைமாடு கால்மாடு

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் டாக்டரும் இல்லை, வீட்டு அலங்காரம் படித்தவனும் இல்லை. போடிநாயக்கனூரில் மெத்தை தைக்கிற வீட்டில் பிறந்து, மதுரையில் நாற்பது வருடம் மெத்தைக் கடை நடத்தியவன். இப்போது கடையை மகன் பார்க்கிறான். நான் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் கதை கேட்கிறேன். "படுக்கையறை பற்றிக் கேளுங்கள்" என்று போன இதழில் போட்டதும் வந்த கடிதங்களில் நாலைந்து வேறு மாதிரிக் கேள்விகள். அவற்றை ஆசிரியரிடமே கொடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது தூக்கம் மட்டும்.

எங்கள் படுக்கையறை 10க்கு 11 அடி. புதுத் திரைச்சீலை, சரவிளக்கு, சுவருக்கு இளநீலப் பெயின்ட் என்று 15 ஆயிரம் வரை செலவு செய்துவிட்டேன். போட்டோவில் அழகாக இருக்கிறது. உள்ளே போய்ப் படுத்தால் மனசு ஒட்டவில்லை. என்ன குறை? (வாசகி, திருச்சி)

தங்கச்சி, அறையை வாசலில் நின்று பார்த்து அலங்கரித்திருக்கிறீர்கள். போட்டோவும் அங்கே நின்றுதான் எடுத்திருப்பீர்கள். ஆனால் அந்த அறையில் நீங்கள் இருக்கப்போவது படுத்துக்கொண்டு. இன்று ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைக்காமல், போனைத் தொடாமல், பத்து நிமிடம் மல்லாந்து படுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்.

கோயம்புத்தூரில் என் மகள் வீட்டில் இப்படித்தான் படுத்துப் பார்த்தேன். எதிர்ச்சுவர் ட்யூப்லைட் நேராகக் கண்ணில் குத்தியது. பரண் மேல் மூன்று சூட்கேஸ், ஒரு கொலுப்பெட்டி, எந்த நேரமும் நம் மேல் விழப்போகிற மாதிரி. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு வாரத்துச் சட்டைகள். பீரோ கண்ணாடியில் நானே படுத்திருக்கிறேன். பாதித் தூக்கத்தில் புரண்டால் யாரோ என்று திடுக்கிடும். விளக்கை அணைத்த பிறகு பார்த்தால் இன்வெர்ட்டர் பச்சை, மோடம் நீலம், கொசு மெஷின் சிவப்பு. திருவிழாதான். இவ்வளவுக்கும் வாசலில் இருந்து பார்த்தால் மகளின் அறை பத்திரிகையில் வருகிற மாதிரி இருக்கும்.

இரண்டு வேலை செய்தோம். பீரோவைத் தள்ளி, கண்ணாடி கட்டிலைப் பார்க்காதபடி திருப்பினோம். ட்யூப்லைட்டை வீடு பெருக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மட்டும் போடுவது என்று வைத்துக்கொண்டு, தலைமாட்டுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் தோள் உயரத்துக்கு ஒரு சின்ன விளக்கு. பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியைப் படியுங்கள். 6500 கெல்வின் என்று இருந்தால் அது வெள்ளை வெளேரென்ற பகல் வெளிச்சம். மூளை இன்னும் சாயங்காலமே ஆகவில்லை என்று நினைத்துக்கொள்ளும். 2700 அல்லது 3000 என்று இருப்பதுதான் பழைய குண்டு பல்பின் மஞ்சள். மூன்று வாட் போதும். நீங்கள் வாங்கிய சரவிளக்கு கண் சிமிட்டாத ரகம் என்றால் இருக்கட்டும். சிமிட்டுகிறது என்றால் கார்த்திகைக்கு எடுத்து வையுங்கள்.

அப்புறம் கட்டில். கடிதத்தின் கடைசி வரியில் ஆறுக்கு ஆறரைக் கட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அறை 110 சதுர அடி. கட்டில் மட்டும் 39. பீரோவும் நின்றுவிட்டால், ராத்திரி பாத்ரூம் போக ஒருவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். எழுப்பப்படுகிறவர் முனகிக்கொண்டேதான் எழுந்திருப்பார். இருவருக்கு ஐந்தடி அகலம் தாராளம். நான் விற்ற பெரிய மெத்தைகளில் பாதி, கல்யாணச் சீரில் எண்ணிக்கைக்காக வாங்கியவை. இரண்டு பக்கமும் ஒன்றரை அடியாவது நடக்க விடுங்கள். அந்த இடம்தான் உங்களுக்குக் குறைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் அறை. ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் அனல் காற்றுதான் தருகிறது. ஏசிக்கு இப்போது வசதி இல்லை. (வாசகர், விருதுநகர்)

பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் ராத்திரி முழுக்கக் கக்குகிறது. ஃபேன் காற்றைக் குளிர வைக்காது, நம் வியர்வையைத்தான் உலர்த்தும். கூரைக்கு அடியில் தேங்கின சூட்டையும் சேர்த்துத் தலையில் கொட்டும். அதனால் வைத்தியம் அறைக்குள் இல்லை, மாடியில் இருக்கிறது. மாசி முடிவதற்குள் தளத்தைப் பெருக்கிக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பை இரண்டு கோட் அடியுங்கள். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும். மழைக்காலத்தில் கரையும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பகலில் மேற்கு ஜன்னலை மூடி வையுங்கள். இருட்டி, வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு திறவுங்கள். ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வைத்து அரை மணி ஓட்டுங்கள். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகும், எதிர் ஜன்னல் வழியாகப் புதுக்காற்று வரும். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது உங்கள் ஊரில் பலன் தரும், காற்று காய்ந்திருக்கிறது. இதைப் படிக்கிற சென்னை, தூத்துக்குடிக்காரர்கள் முயல வேண்டாம். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் தட்டித் தண்ணீர் லேசில் ஆவியாகாது, படுக்கை பிசுபிசுக்கும். ஏர் கூலருக்கும் இதே கதைதான். பின்னால் ஏசி வாங்கினால் 24 டிகிரியில் விட்டு, ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரையோடு வருகிற ஏசிகள் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. 18-இல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்துகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

வடக்கே தலை வைத்துப் படுக்கலாமா? எங்கள் அறையில் வேறு வழியில்லை. (வாசகர், சேலம்)

என் அம்மா விட்டதில்லை. நான் படுத்திருக்கிறேன், நன்றாகத்தான் தூங்கினேன். மனசுக்குள் உறுத்தினால் மட்டும் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கட்டிலை நகர்த்தவே வேண்டாம்.

இலவம்பஞ்சு மெத்தையா, ஃபோம் மெத்தையா? கலப்படம் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, ஈரோடு)

கடைக்காரன் வாயால் கேட்கிறீர்கள். சரி, என் சார்பைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்: எனக்குச் சோறு போட்டது இலவு.

இலவம்பஞ்சின் இழை உள்ளே குழாய் மாதிரி வெற்றாக, மேலே மெழுகு பூசினது மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அதனால்தான் நூலாக நூற்க வராது, தண்ணீரையும் சட்டென்று குடிக்காது. அந்தக் காலத்தில் கப்பலில் போட்டுக்கொள்ளும் உயிர்காப்பு உடுப்புகளில் இதைத்தான் அடைத்தார்கள். கலப்படம் பார்க்கவும் இதே குணம் போதும். மெத்தைக்காரரிடம் ஒரு சிட்டிகைப் பஞ்சு வாங்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். இலவு மிதக்கும், அமுக்கினாலும் மேலே வரும். பருத்திக் கழிவு கலந்திருந்தால் அந்தப் பகுதி நனைந்து கீழே இறங்கும். டம்ளரைக் கேட்டதும் கடைக்காரர் முகம் மாறினால், தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

இலவு மெத்தையில் காற்று போய்வரும், வேர்க்காது. மட்டமான ஃபோமில் முதுகு சுடும். ஆனால் இலவு வேலை வாங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெயிலில் போட்டால் உப்பி எழும். போடாவிட்டால் நடுவில் குழி விழுந்து, கணவன் மனைவி இருவரும் தூக்கத்தில் நடுவுக்கு உருள்வார்கள். கட்டையால் ஓங்கி அடிக்காதீர்கள், இழை நொறுங்கித் தூளாகும். தூசியால் மூச்சிரைப்பு வருகிறவர்களுக்கு நான் இலவு தருவதில்லை. நெருக்கமாக நெய்த உறை போட்ட நல்ல ஃபோம்தான் அவர்களுக்கு. முதுகு வலிக்காரர்கள் எந்த மெத்தையானாலும் கடையிலேயே கால் மணி நேரம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கையால் அமுக்கிப் பார்த்து வாங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், கைக்கா மெத்தை?

ஒரு தடவை ஐப்பசி அடைமழையில் கல்யாண ஆர்டர். பஞ்சு சரியாகக் காயவில்லை என்று அப்பா சொன்னார். நான் அவசரப்பட்டு அடைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். பதினைந்தாம் நாள் மாப்பிள்ளையின் அப்பா மெத்தையை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கினார். பூசண வாசம் தெருமுனை வரை. பைசா வாங்காமல் புதுசாகத் தைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் மழை மாதத்தில் மெத்தை கேட்பவர்களிடம் "தைக்குப் பிறகு வாருங்கள்" என்று சொல்லத் தயங்கியதில்லை. நீங்களும் ஐப்பசி, கார்த்திகையில் வாங்காதீர்கள்.

படுக்கையறையில் செடி வைத்தால் ராத்திரி கெட்ட காற்று விடுமாமே? (வாசகி, நாகர்கோவில்)

விடும். பக்கத்தில் படுத்திருக்கிற கணவர் அதைவிடப் பல மடங்கு விடுவார், அவரை வெளியே வைக்கிறோமா? பயம் அதில் இல்லை. தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டில் தண்ணீர் நின்றால் டெங்குக் கொசு முட்டையிடும். தட்டைக் காய வையுங்கள்.

கணவருக்கு ஒரகடத்தில் நைட் ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வந்து படுக்கிறார். பத்தரைக்கெல்லாம் விழித்து, நாள் முழுக்க எரிந்து விழுகிறார். (வாசகி, காஞ்சிபுரம்)

அவர் மேல் தப்பில்லை அம்மா. அவருக்கு நீங்கள் ஒரு ராத்திரியைச் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. இருக்கிற திரைச்சீலைக்குப் பின்னால் கருப்பு பாப்ளின் துணியை லைனிங் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். கம்பியை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரை அடி நீட்டி மாட்டுங்கள். லைனிங் கொடுத்த பிறகு வெளிச்சம் நுழைவது துணி வழியாக இல்லை, ஓரம் வழியாக. கம்பெனி பஸ்ஸில் வரும்போது அவர் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால், காலை வெயில் அவரைத் தட்டி எழுப்பாது. காலிங் பெல்லுக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். குக்கர் விசில் அவர் வருவதற்கு முன்னால் அடங்கிவிடட்டும். ஃபேனின் சீரான இரைச்சல் நல்லது, தெருச் சத்தத்தை அது விழுங்கிவிடும்.

"பகலில் தூங்குகிற வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள்" என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகன் தூங்குவதே லட்சுமிக்காகத்தான் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

எங்களுக்குப் படுக்கையறையே கிடையாது. ஒரே ஹால், ஐந்து பேர். எங்களுக்கும் ஏதாவது சொல்வீர்களா? (வாசகர், சென்னை)

உங்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நான் வளர்ந்ததும் அப்படித்தான்: ஒரே அறை, பகலில் பஞ்சுக் குடோன், ராத்திரி ஏழு பேர். அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. ராச்சாப்பாடு முடிந்ததும் அறையைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, பெரிய விளக்கை அணைத்துவிட்டு மூலையில் சின்ன விளக்கைப் போடுவார். அதற்கப்புறம்தான் பாய் விரிக்கலாம். அந்த நிமிடத்திலிருந்து அதே இடம் வேறு அறை ஆகிவிடும். எங்கள் குரலும் தானாக இறங்கும்.

ஆளுக்கொரு பாய், ஆளுக்கொரு தலையணை, ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொள்ளுங்கள். பங்கு போட்ட போர்வைதான் பாதிச் சண்டைக்குக் காரணம். கோரைப்பாய் என்றால் பத்தமடைதான் வேண்டும் என்றில்லை, முரட்டுக் கோரையே வேர்வைக்கு நல்லது. மேலே ஒரு பவானி ஜமக்காளம் போட்டால் எலும்பு உறுத்தாது. கதவைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்தி கொளுத்தாதீர்கள், ஐந்து பேரும் அந்தப் புகையைத்தான் இழுப்பீர்கள். கரூரில் தைக்கிற பெரிய கொசுவலை ஒன்றை நாலு ஆணியில் கட்டினால் ஐவரும் அடங்கலாம். வலைக்குள் படுக்கும்போது குழந்தைகளுக்கு அது ஒரு தனி வீடு மாதிரி. மூட்டைப்பூச்சி இருந்தால் பாயையும் ஜமக்காளத்தையும் கொளுத்தும் வெயிலில் போடுங்கள். நெல் மூட்டைக்குப் போடுகிற மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அது விடுகிற வாயு மனிதரையும் கொல்லும்.

அவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. அந்த அறையில் தூக்கம் வரவில்லை. கட்டிலைக் கொடுத்துவிடு என்கிறார்கள் பிள்ளைகள். (வாசகி, தஞ்சாவூர்)

அவசரப்படாதீர்கள் அம்மா. கொடுத்த கட்டில் திரும்பி வராது. முதலில் கட்டிலின் திசையை மாற்றுங்கள். கண் விழிக்கும்போது வேறு சுவர் தெரியட்டும். கொஞ்ச நாள் ஹாலில் பேத்தியோடு படுப்பதிலும் ஒன்றும் குறைவில்லை. அப்பா போன பிறகு அம்மா மூன்று மாதம் திண்ணையில் படுத்தார். ஒருநாள் தானே உள்ளே வந்து, அப்பா படுக்கும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். "இந்தப் பக்கம்தான் காத்து வருதுடா, இத்தனை வருஷமா எனக்குச் சொல்லவே இல்ல அந்த மனுஷன்" என்றார். வருடாவருடம் வீட்டுத் தலையணை எல்லாவற்றையும் பிரித்துப் பஞ்சை உலர்த்தித் தைப்பேன். அந்த ஒன்றை மட்டும் அவர் என்னிடம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாம் செய்தாயிற்று. கணவரின் குறட்டைக்கு என்ன அலங்காரம் செய்வது? (வாசகி, திண்டுக்கல்)

ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், முதுகுப் பக்கம் ஒரு உருட்டுத் தலையணையை அண்டக் கொடுங்கள். நடுநடுவே மூச்சு நின்று, திணறி எழுந்திருக்கிறார் என்றால் மெத்தைக்காரனிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அதுவரை யாராவது ஒருவர் ஹாலில் பாய் போட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அந்தப் பாய் எனக்கு.