பழைய நகரத்துக்கும் சுற்றியிருந்த கிராமங்களுக்கும் என்ன உறவு இருந்தது என்பதை அகழாய்வில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கல்லூரிப் பாடத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் தொல்லியல் படித்தவன் இல்லை, காங்கேயத்துக்காரன். எனக்குத் தெரிந்த கொடுமணலை வைத்துச் சொல்கிறேன்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் உள்ள ஊர் அது. பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய ‘கொடுமணம்’ இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1985 முதல் பல கட்டமாகத் தோண்டியதில் இரும்பு உலைகளும், மாலையில் கோக்கும் கல்மணி செய்த பட்டறைகளும் வெளிவந்தன. ஆனால் அந்தப் பட்டறைகளுக்கான பெரில் என்ற ரத்தினக்கல் எங்கள் காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பக்கம் கிடைப்பது, இரும்புத்தாது சென்னிமலைப் பக்கம் கிடைப்பது.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, மழை விட்ட மறுநாள் அந்த மாதிரிக் கல் தேடிக் காட்டுக்குள் குனிந்தபடியே நடப்பார். மண் கரைந்து கல் மேலே தெரியும். கிடைத்ததை வேட்டி மடிப்பில் முடிந்து வைப்பார். டவுனிலிருந்து வரும் வியாபாரி அதை வெயிலில் தூக்கிப் பார்த்து, “உள்ள கீறல் இருக்குதுங்க” என்பார். அப்புறம் அவர் கொடுத்ததுதான் விலை.

அகழாய்வு நடந்தபோது குழியோரம் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு தட்டில் உடைக்காத கல், செதுக்கிய சில்லு, மெருகேறாத மணி எல்லாம் இருந்தன. ஒரு மணியில் பாதி துளைதான் போட்டிருந்தது, அதற்குள் விண்டுவிட்டது. நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்தத் தட்டிலேயே இருக்கிறது. முடிந்த மணி மட்டும் கிடைத்தால் வெளியில் வாங்கியதாக இருக்கலாம். சில்லும் கழிவும் குவிந்து கிடந்தால் வேலை அங்கேயே நடந்திருக்கிறது. அந்தக் கல் எந்த மண்ணில் விளைகிறது என்று தேடிப் போனால் கிராமம் வந்துவிடும். வணிகர் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல் பொறித்த பானை ஓடும் அங்கே கிடைத்தது. ஆக, வாங்கி விற்க ஆள் இருந்திருக்கிறார்கள்.

கொடுமணல் நகரமே இல்லை, வெறும் தொழிற்கூடம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி, சுற்றுக்காடுகளிலிருந்து கல்லும் தாதுவும் வராமல் அங்கே உலையும் எரிந்திருக்காது, பட்டறையும் ஓடியிருக்காது. நகரத்தை அண்டிப் பிழைத்தது கிராமம் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

நகரம், கிராமம் என்று பேச்சு வந்ததால் இந்தக் காலத்துக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். இதே நொய்யலில்தான் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனது. ஆற்றோரம் நிலம் வைத்திருந்த என் மாமா கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல், மாடுகளை விற்றுவிட்டு அதே திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்.