அடால்ஃப் ஆடம்: கேள்விகளும் பதில்களும்

‘ஜிசெல்’ என்ற பாலே நடன நாடகத்துக்கு இசையமைத்த பிரெஞ்சுக்காரர் ஆடம், அதில் ஒரு மெட்டைத் திருப்பிக் கொண்டுவந்த விதத்தைப் பாராட்டி எழுதிவிட்டு, அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பதில் சொல்ல முடிந்தவை இவை.

மீனா: இசைக் குடும்பத்திலிருந்து வந்தவரா?

ஆமாம். அப்பா லூயி ஆடம் பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பியானோ பேராசிரியர். ஆனால் மகன் இசையைப் பிழைப்பாக எடுத்துக்கொள்வதில் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை. 1803-இல் பிறந்த பையனோ விடாப்பிடியாக அதே கன்சர்வேட்டரியில் இசையமைப்பாளர் புவால்தியுவிடம் படித்து, ஒரு நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் டிரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பியைத் தட்டினான். மேடைக்கு எது எடுபடும் என்பதை அவர் அங்கே உட்கார்ந்துதான் கற்றார் என்று நினைக்கிறேன்.

செல்வம்: ஜிசெல்லை ஒரே வாரத்தில் எழுதினாராமே?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கையெழுத்துப் பிரதியில் உள்ள தேதிகள் 1841 ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை போகின்றன. வேகமாக எழுதுகிற ஆள்தான், ஆனாலும் ஒரு வாரம் என்பது கதை.

பிரியா: முதல் அங்கத்தில் விவசாய ஜோடி ஆடும் இசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆடம் எப்படி அதை எழுதினார்?

அவர் எழுதவில்லை! அது ஃப்ரீட்ரிக் புர்க்முல்லர். பியானோ படிக்கிற பிள்ளைகள் ‘அரபெஸ்க்’ என்று ஒன்றை வாசித்துத் தள்ளுவார்களே, அதே புர்க்முல்லர். ஒரு நடனக்காரிக்குத் தனி வாய்ப்பு தர வேண்டும் என்று அவருடைய இசையைக் கடைசி நேரத்தில் செருகினார்கள். முதல் அங்கத்தில் ஜிசெல் தனியாக ஆடும் புகழ்பெற்ற பகுதியும் பிற்பாடு ரஷ்யாவில் சேர்த்ததுதான். பாலே இசை கேட்கிறவர்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்: யூடியூபில் தலைப்பில் போட்டிருக்கும் பெயரை நம்பாதீர்கள்.

ரகு: ஒரு பாத்திரத்துக்கு ஒரு மெட்டு என்று வைத்துத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் கண்டுபிடித்தது. ஆடமுக்கு அந்தப் பெருமையைக் கொடுப்பது அதிகம் சார்.

ரகு, வாக்னருக்கு முன்பே கிரெட்ரி என்ற இசையமைப்பாளர் 1784-இல் ‘ரிச்சர்ட்’ ஆபராவில் (இசை நாடகத்தில்) ஒரே பாட்டைப் பல முறை திருப்பிக் கொண்டுவந்தார். அதனால் ஆடம் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவே இல்லை. அதை அவர் எங்கே வைத்தார் என்பதைப் பாருங்கள். ஜிசெல் டெய்சிப் பூவின் இதழைப் பிய்த்து ‘காதலிக்கிறான், காதலிக்கவில்லை’ என்று பார்க்கிறாள், அதற்கு ஒரு மென்மையான மெட்டு. அங்கத்தின் கடைசியில், காதலன் ஆல்பிரெக்ட் வேறொருத்திக்கு நிச்சயிக்கப்பட்ட பிரபு என்று தெரிந்து புத்தி பேதலித்ததும், இல்லாத பூவை மறுபடி பிய்க்கிறாள். அந்த மெட்டு வருகிறது, ஆனால் முழுதாக அல்ல. நடுவில் அறுந்து, வேறொன்றுக்குத் தாவி, திரும்பவும் ஒட்டப் பார்க்கிறது. பேச்சில்லாத கலையில் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பதை ஆர்கெஸ்ட்ராதானே சொல்ல முடியும்?

ரகு (மறுபடி): அது வெறும் நினைவூட்டல். வாக்னர் மெட்டுகளையே இழைத்துக் கட்டிடம் எழுப்பினார்.

சரி, அந்த வித்தியாசம் இருக்கிறது. ஆனால் ஜிசெல் அரங்கேறிய 1841 ஜூன் 28 அன்று வாக்னர் ‘பறக்கும் டச்சுக்காரன்’ ஆபரா வேலையில் பாரிஸ் பக்கம்தான் இருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். ஆடமைப் பார்த்து அவர் கற்றார் என்று சொல்லவில்லை, நீங்கள் கிளம்பிவிடாதீர்கள்.

கவிதா: நான் ரகு பக்கம். ஜிசெல் இசை மெலிசாக இருக்கிறது.

மெலிசுதான். முதல் ஜிசெல்லாக ஆடிய கார்லோட்டா கிரிசி மேலே ஆடிக்கொண்டிருக்கும்போது கீழே கனமாக வாசித்தால் யாருக்கு லாபம்? இரண்டாம் அங்கத்தில், மணமாகாமல் செத்த பெண்களின் ஆவிகள் ஆல்பிரெக்டைச் சூழும் இடத்தில் ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தி வாசிக்கும் கனமான வடிவம்) எழுதியிருக்கிறார். பல அரங்குகளில் அதை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிப்போட்டு ஆடிவிட்டு இசையில் கனமில்லை என்றால் எப்படி?

ஜான்: ‘ஓ ஹோலி நைட்’ கிறிஸ்துமஸ் பாட்டும் இவருடையதா?

ஆமாம், 1847. பிரெஞ்சு வரிகள் பிளசிட் கப்போ என்ற மது வியாபாரியுடையவை.

ஸ்டெல்லா: ஓ ஹோலி நைட் பாட்டு...

மேலே ஜானுக்குச் சொல்லிவிட்டேன்.

பீட்டர்: அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு யூதர் எழுதியதா?

மூன்றாவது ஆள்! ஆடம் யூதர் என்பது ஆதாரமில்லாத வதந்தி. இந்தப் பாட்டைப் பற்றி இனிமேல் கேட்டால் பதில் வராது.

சுந்தர்: கடைசிக் காலத்தில் கஷ்டப்பட்டாரா?

நன்றாகவே. 1847-இல் சொந்தப் பணத்தோடு கடனையும் வாங்கிப் போட்டு ஒரு ஆபரா அரங்கு திறந்தார். சில மாதங்களில் 1848 புரட்சி வந்து அரங்கை மூட வேண்டியதாயிற்று. கடனை அடைக்கப் பத்திரிகைகளில் எழுதினார், கன்சர்வேட்டரியில் பாடம் எடுத்தார். 1856 ஜனவரியில் ‘லெ கோர்சேர்’ பாலே அரங்கேறியது, மே மாதம் இறந்துபோனார். போட்டிகளில் எல்லாரும் ஆடும் கோர்சேர் ஜோடி நடனத்தின் இசையும் பெரும்பாலும் அவருடையதல்ல, டிரிகோ என்பவருடையது. தலைப்பை நம்பாதீர்கள் என்றேனே.

அனிதா: ‘லக்மே’ ஆபராவில் வரும் பூப் பாட்டு ஆடமா?

இல்லை, அவருடைய மாணவர் தெலிப். அவரைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

வினோத்: எந்தப் பதிவு கேட்கலாம்?

இசை நடத்துநர் கராயன் வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு செய்தது சத்தத்தில் அழகு, ஆனால் சுருக்கப்பட்டது. முழுசாக வேண்டுமென்றால் ரிச்சர்ட் போனிங் நடத்தியது. இரண்டாம் அங்கத்து ஜோடி நடனத்தில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியம்) தனியாக ஒலிக்கும் இடத்தை முதலில் படம் பார்க்காமல் கேளுங்கள், வினோத். வயலினுக்குக் கொடுத்திருந்தால் அவ்வளவு இருட்டு வந்திருக்காது.