மோட்லியைக் குழந்தைகளிடம் கொண்டுசெல்வது

அன்புள்ள ஐயா,
நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியைப் பற்றிப் பேசினேன். 'அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் ஃபெடரல் நீதிபதி' என்றதுமே கவனம் கலைந்துவிட்டது. எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

'முதல்' என்ற பெருமை ஆறு வயதுக்கு எட்டாது. அதற்குமுன் ஏன் ஒருவரும் இல்லை என்பது தெரிந்தால்தானே அது பெருமை? 1966, அதிபர் ஜான்சன், நீதிபதி நியமனம் எல்லாம் கடைசியில் வரட்டும். 1963 மே மாதத்து பர்மிங்காமில், அதாவது அலபாமா மாநில நகரத்தில், தொடங்குங்கள். நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து ஊர்வலம் போனதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மாணவர்களைப் பள்ளிகளிலிருந்து நீக்கினார்கள். மோட்லி அவர்களுக்காக வாதாடினார். உள்ளூர் நீதிபதி மறுத்துவிட்டார். அன்றே அட்லாண்டாவில் மேல்முறையீடு. மேல்முறையீட்டு நீதிபதி டட்டில் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். பள்ளியைவிட்டு அனுப்புவது என்றால் என்னவென்று எந்தக் குழந்தைக்கும் புரியும்.

பிறகு மூன்று நாற்காலி போடுங்கள். 'நூலகத்துக்குள் கரடிகள் வரக்கூடாது' என்று ஒரு விதி. ஒரு குழந்தை கரடி பொம்மைக்கு வக்கீல், ஒரு குழந்தை நூலகத்துக்கு வக்கீல், நடுவில் நீதிபதி. நீதிபதியாக உட்காரும் குழந்தை உடனே தன் சிநேகிதிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிடும். அதனால் ஒரு நிபந்தனை: இரண்டு பக்கமும் சொன்னதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன்பிறகுதான் தீர்ப்பு. அடுத்த சுற்றில் கரடியின் வக்கீலையே நீதிபதி ஆக்குங்கள், வழக்கையும் மாற்றுங்கள். ஒரு பக்கத்துக்காகப் பேசியவர் இரு பக்கமும் கேட்பவராக மாறுவது அப்போது விளங்கும். மோட்லியின் வாழ்க்கையில் நடந்ததும் அதுதான். உச்ச நீதிமன்றத்தில் பத்து வழக்குகளை வாதாடி ஒன்பதில் வென்றவர், பின்னர் நியூயார்க்கில் நீதிபதி இருக்கையில் அமர்ந்தார்.

பொம்மையை விட்டுவிட்டுக் குழந்தைகளையே சட்டை நிறம் பார்த்துப் பிரித்து, ஒரு பாதியை வெளியே நிறுத்தும் 'விளையாட்டு' ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். வெளியே நிற்பவர்களுக்கு அது விளையாட்டாக இருக்காது. உள்ளே இருப்பவர்களுக்கு அது ருசித்துவிடும். வீட்டிலேயே 'கறுப்பி' என்று கேலிக்கு ஆளாகும் பிள்ளை நம் வகுப்புகளில் நிச்சயம் இருக்கும்.

அவர் தனியாளாக எல்லாவற்றையும் மாற்றினார் என்றும் சொல்லிவிடாதீர்கள். கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வாதாடிய தர்குட் மார்ஷலின் வக்கீல் குழுவில் அவர் ஒருவர். பர்மிங்காமில் நடந்து போனவர்களோ பிள்ளைகள்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் 1975-இல் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் வக்கீல்களை ஒதுக்குவதாக ஒரு சட்ட நிறுவனத்தின் மீது வழக்கு; நீதிபதி மோட்லி. மோட்லி கறுப்பினப் பெண், பாகுபாட்டை எதிர்த்து வாதாடியவர், ஆகவே விலக வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் தரப்பு கேட்டது. அவர் விலகவில்லை. இனமும் பாலும் எந்த நீதிபதிக்கும்தான் உண்டு, அது காரணமானால் ஒருவருமே வழக்கை விசாரிக்க முடியாது என்றார்.

பர்மிங்காம் கதையைக் கேட்டதும், 'அந்த உள்ளூர் நீதிபதி ஏன் மாட்டேன்னார்?' என்று ஒரு குழந்தை கேட்கும். நீதிபதியும் தவறலாம், அதற்காகத்தான் மேலே இன்னொரு நீதிமன்றம் இருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள்.