தம்பியின் பேச்சும் அக்காவின் வாயும்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலரை. மகன் ஓயாமல் பேசுவான். ஆனால் 'க' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'த'தான் வரும். காகம் தாதமாகிவிடும், அக்காவை அத்தா என்பான். வெளியாட்களுக்கு ஒன்றும் விளங்காது. மகள்தான் விளக்கிச் சொல்வாள். இப்போது பள்ளி விட்டு வந்ததும் அவனை இருத்தி, "சொல்லு, கா-கம்" என்று படிப்பிக்கிறாள். அவன் அழுதுகொண்டு ஓடுகிறான். மகளைத் தடுக்கவா, விடவா? நாக்கில் வசம்பு தேய்த்தால் சரிவரும் என்கிறார் மாமி.
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, வசம்பு வேண்டாம். அதற்காக மாமியோடு சண்டையும் வேண்டாம். "டொக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்வோம்" என்று சொல்லிவையுங்கள். 'க' சொல்ல நாக்கின் பின்பக்கம் மேலே எழும்ப வேண்டும். உங்கள் மகன் நுனியை எழுப்புகிறான். நாக்கில் எதைத் தேய்த்தாலும் அந்தப் பழக்கம் மாறாது.

சின்னப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் பேசத் தொடங்குவார்கள். பெரும்பாலும் நாலு வயதுக்குள் தானாகவே போய்விடும். 'ர', 'ழ' இன்னும் பிந்தி வந்தாலும் பரவாயில்லை. ஆனால் நாலரை வயதில் 'க' வராமல், வெளியாட்களுக்கும் பேச்சு விளங்காமல் இருந்தால் காட்டத்தான் வேண்டும். முதலில் காது. அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளைக்குக் காதுக்குள் நீர் தேங்கிக் கேள்வி மந்தமாக இருக்கலாம். வீட்டில் யாருக்கும் தெரியவும் வராது.

இனி மகளின் விஷயம். தடுக்க வேண்டாம், வேலையை மாற்றிக் கொடுங்கள். "சொல்லு" என்ற சொல்லை அவள் விட்டுவிட வேண்டும். அவன் "தாதம்" என்றால், "ஓம், காகம்! காகம் கூரையில இருக்கு" என்று இவள் சரியாகச் சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடரட்டும். அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லக் கூடாது. அவன் காதில் விழுந்தால் போதும். இரண்டு பேரும் பாயில் மல்லாந்து படுத்து, முகட்டைப் பார்த்து "கா... கா..." என்று காகத்தைக் கூப்பிட்டு விளையாடலாம். மல்லாந்து படுத்தால் நாக்கு தானாகப் பின்னுக்குப் போகும், 'க' கொஞ்சம் லேசாக வரும். பேச்சுச் சிகிச்சையாளர்களும் செய்கிற வித்தைதான் இது. அவன் எழும்பிப் போனால் போகட்டும்.

எனக்குப் பயம் அவள் படிப்பிப்பதில் இல்லை, அவனுக்குப் பதிலாகப் பேசுவதில்தான். கடைக்காரர் "என்ன வேணும் தம்பி?" என்றதும் அக்கா முந்திக்கொண்டால், அவன் ஏன் வாயைத் திறக்கப் போகிறான்? மனதுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள். அவன் முயன்றும் விளங்காமல் இவளைத் திரும்பிப் பார்த்தால் மறுகா உதவட்டும். தரம் ஒன்றில் அவன் பக்கத்தில் இவள் இருக்கப் போவதில்லையே.

இன்னொன்று. அவளைச் "சின்ன ரீச்சர்" என்று ஊரெல்லாம் புகழாதீர்கள். நம் பக்கத்தில் மூத்த பெண்பிள்ளையை எட்டு வயதிலேயே அரைத் தாயாக்கிவிடுகிறோம், எனக்கு அது பிடிப்பதே இல்லை. தம்பியை யாராவது நையாண்டி பண்ணினால் சண்டைக்குப் போவதும் அவள்தான், உங்களிடம் சொல்லாமல் விழுங்குவதும் அவள்தான். தம்பி இல்லாத நேரம் ஒன்றை அவளுக்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் அவன் பேச்சை எடுக்கவே கூடாது.

உங்கள் ஊர் ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். தேவையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். அரசாங்க வைத்தியசாலை என்பதால் காசு இல்லை. கிளினிக் புத்தகத்தை மறக்காதீர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் விளையாடும்போது பேசுவதைப் போனில் கொஞ்சம் பதிந்து கொண்டு போங்கள். புது இடத்தில் அவன் வாயே திறக்காமல் இருக்கலாம். பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பினால் மகளையும் ஒருமுறை கூட்டிப் போங்கள், வீட்டில் எப்படி விளையாடுவதென்று அவளுக்கும் காட்டித் தருவார்கள். ஒரு நாள் பள்ளி போனால் போகட்டும்.