நெல்மணிக் கணக்கு: உங்கள் கேள்விகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு... 64 கட்டங்களும் நிரம்பினால் மொத்தம் 2⁶⁴ − 1 நெல். அதாவது 1,84,46,74,40,73,70,95,51,615. இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இந்த எண்ணைச் சுற்றியே.

கே: இதை எப்படி வாசிப்பது?

ப: சுமார் 1.84 லட்சம் கோடி கோடி. அதற்கு மேல் வேண்டாம், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

கே: என் கால்குலேட்டர் முதல் பத்து இலக்கங்களோடு நின்றுவிடுகிறது. கடைசி இலக்கம் 5 என்பதை எப்படி நம்புவது?

ப: 2, 4, 8, 16, 32, 64... ஒன்றாம் இலக்கத்தை மட்டும் பாருங்கள். 2, 4, 8, 6 என்று நாலுக்கு ஒருமுறை திரும்பும். 64 நான்கால் வகுபடுவதால் 2⁶⁴ முடிவது 6-ல். ஒன்று குறைத்தால் 5.

கே: இது பகா எண்ணா?

ப: 5-ல் முடிகிறதே, எப்படி ஆகும்? ஆனால் உடைத்துப் பார்ப்பதில்தான் சுவை. இரு வர்க்கங்களின் வித்தியாசம் பள்ளியில் படித்ததுதான். அதன்படி 2⁶⁴ − 1 என்பது (2³² + 1) × (2³² − 1). பின்னதை மறுபடி உடைக்கலாம், அதில் வருவதையும் உடைக்கலாம். கடைசியில் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஆறு எண்கள் மிஞ்சும்.

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-ல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417. கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்த்ததல்ல. அந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது! வழி தெரிந்தால் நீங்களும் ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

கே: அப்படியானால் மொத்தம் எத்தனை வகுத்திகள்?

ப: முதல் ஐந்தோடு ஆறாவதிலிருந்து வந்த 641, 6700417 இரண்டும் சேர்ந்து ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். ஆக 2⁷ = 128, ஒன்றும் அந்த எண்ணுமே உட்பட.

கே: முழு வர்க்கமாக இருக்குமோ?

ப: இல்லை. 4-ஆல் வகுத்தால் மீதி 3. வர்க்க எண்ணுக்கு மீதி 0 அல்லது 1தான்.

கே: 64 வட்டுகள் கொண்ட ஹனோய் கோபுரப் புதிரிலும் இதே எண் வருகிறதாமே?

ப: ஆமாம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா 1883-ல் வெளியிட்ட புதிர் அது. மூன்று கம்பங்கள்; ஒன்றில் பெரிதின் மேல் சிறிதாக அடுக்கிய வட்டுகளை இன்னொன்றுக்கு மாற்றவேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றாக, சிறியதன் மேல் பெரியதை வைக்காமல். அடிவட்டை நகர்த்த, மேலே உள்ள அத்தனையையும் ஒருமுறை இறக்கவேண்டும், பிறகு ஒருமுறை ஏற்றவேண்டும். எனவே ஒரு வட்டு கூடினால் நகர்த்தல்கள் இரண்டு மடங்கோடு ஒன்று: 1, 3, 7, 15... நெல்லைக் கட்டம் கட்டமாகக் கூட்டினாலும் இதே வரிசைதான். நொடிக்கு ஒரு நகர்த்தல் என்றால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.