மகனுக்குக் கட்டி மாறி மாறி வருகிறது, பரிசோதனையில் எம்ஆர்எஸ்ஏ என்கிறார்கள். இன்னும் வலுவான மருந்து கேட்க வேண்டுமா?

மட்டக்களப்பில் புண்ணுக்கு மருந்து கட்டும் பிரிவில் பணியாற்றும் தாதிய உத்தியோகத்தர் என்ற முறையில் சொல்கிறேன்: மருந்தின் வலுவை விட, கட்டி எங்கிருந்து திரும்பி வருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

எம்ஆர்எஸ்ஏ என்பது 1961இல் இங்கிலாந்தில் இனங்காணப்பட்ட, மெதிசிலின் என்ற நுண்ணுயிர்கொல்லி மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமி. வழக்கமாகக் கொடுக்கும் குளொக்சசிலின், செஃபலெக்சின், ஓகுமென்டின் எதுவும் இதற்கு எடுபடாது. ஆகவே வைத்தியர் எழுதிய பழைய மருந்துத் துண்டைக் காட்டி மருந்தகத்தில் அதே குளிசையை வாங்குவதை நிறுத்துங்கள். சீழ் வைத்த கட்டியை வைத்தியர் கீறி வெளியேற்றுவதே முதன்மைச் சிகிச்சை. வீட்டில் பிதுக்கினால் கிருமி ஆழத்துக்குப் போகும். குளிசை தேவைப்பட்டால், சீழின் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து கோ-ட்ரைமொக்சசோல், டொக்சிசைக்ளின், கிளின்டமைசின் ஆகியவற்றில் பொருந்துவதை வைத்தியர் தெரிவுசெய்வார். டொக்சிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை.

கட்டி ஆறிய பின்னும் கிருமி மூக்குத் துவாரம், அக்குள், கவட்டுப் பகுதிகளில் தங்கியிருக்கும்; வீட்டில் நலமாக இருக்கும் ஒருவரிடமும் இருக்கலாம். எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி மூவருக்கும் மாறி மாறிக் கட்டி வந்தது. விசாரித்தபோது, கிணற்றடிக் கொடியில் எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் ஒரே துவாயைத்தான் மூவரும் பயன்படுத்துகிறார்கள் என்று தாயார் சொன்னார். அவர் அழுதார், அயலவர்கள் வீட்டைச் சுத்தமில்லாத வீடு என்றார்களாம். அது அநியாயம். எவ்வளவு சுத்தமான வீட்டிலும் இது வரும்.

கட்டிகள் அடங்கியதும், வைத்தியரின் ஆலோசனையோடு, கிருமியைக் கொல்லும் முபிரோசின் களிம்பை இரு மூக்குத் துவாரங்களிலும் நாளுக்கு இரு தடவை 5 நாட்கள் பூச வேண்டும். அதே நாட்களில் 4 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தால், கண்ணிலும் காதிலும் படாமல், கழுத்துக்குக் கீழே கழுவிக் குளிக்க வேண்டும். வீட்டார் அனைவரும் ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன் கூடும். அந்நாட்களில் துவாய், சாரம், தலையணை உறை ஆகியவற்றை நாள்தோறும் மாற்றிச் சுடுநீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவிடுங்கள். சவர அலகை ஒருவரும் பகிரக் கூடாது.

முபிரோசினை மாதக்கணக்கில் பூசாதீர்கள். அதற்கும் கிருமி பழகிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் கட்டி வந்தால் இரத்தச் சீனியைச் சோதித்து, மூக்கிலிருந்தும் மாதிரி எடுக்கலாமா என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு வேகமாகப் பரவினாலோ, கட்டி மூக்கை அல்லது கண்ணை அண்டி வந்தாலோ, கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.